ஹாஸ்டல் மாணவிக்கு எந்த இரும்பு? இலவச மாத்திரை, கடை மாத்திரை, பேரீச்சை சிரப், மெஸ் சாப்பாடு: ஒரு மதிப்பீடு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் சத்து மாத்திரை, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஒரு அட்டை, சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த பேரீச்சை சிரப். கல்லூரி விடுதியில் ஓர் அலமாரியைத் திறந்தால் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும். ‘ரத்தம் ஊறும்’ என்று நம்பி வாங்கியவை. அநேகமாகப் பாதியில் நின்றுபோனவை. எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம், வாங்கியதை எப்படிச் சாப்பிட்டால் உடம்பில் ஒட்டும் என்று பார்ப்போம். 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை இருந்தது. வகுப்பில் இரண்டு பேருக்கு ஒருத்தி என்ற கணக்கு இது. அதனால் விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு மில்லிகிராமை எண்ணுவது நல்லது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை, பெண்ணுக்கு நாளைக்கு 29 மி.கி. இரும்பு, ஆணுக்கு 19 மி.கி. தின்ற இரும்பு முழுவதும் ரத்தத்தில் சேராது. சோறு, பருப்பு, காய் என்று போகும் நம் சாப்பாட்டில் குடல் எடுத்துக்கொள்வது நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில்தான். 29-க்கு எட்டு சதவீதம் என்றால் இரண்டேகால் மி.கி.யைச் சுற்றி வரும். உடம்பு தினம் இழப்பது ஒரு மி.கி.க்குக் கொஞ்சம் குறைவு. மாதவிடாயில் 40 மி.லி. ரத்தம் போனால் அதோடு 20 மி.கி. வரை இரும்பும் போகிறது. 28 நாளுக்குப் பங்கிட்டால் நாளைக்கு 0.7. இரண்டையும் கூட்டினாலும் செலவு வரவுக்குள் அடங்கிவிடும். 80 மி.லி.க்கு மேல் போகிறவர்களுக்குத்தான் கணக்கு உதைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, கட்டிகட்டியாகப் போகிறது, ஏழு நாளைத் தாண்டுகிறது என்றால், கீழே சொல்லப்போகும் எதை வாங்கினாலும் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலைதான். அவர்கள் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மெஸ் சாப்பாடு

சராசரி விடுதி மெஸ்ஸின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் மூன்று இட்லி: அதிலுள்ள அரிசியும் உளுந்தும் சேர்ந்து ஒன்றரை மி.கி. மதியம் 150 கிராம் அரிசியில் வடித்த சோறு: ஒரு மி.கி. தண்ணியாக ஊற்றும் சாம்பாரில் ஒரு பிடி பருப்பு: இன்னொரு மி.கி. முட்டைகோஸ் பொரியல் அரை. தயிரில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ராத்திரி மூன்று சப்பாத்தி மூன்று மி.கி., குருமா ஒன்று. மாலை பிஸ்கட்டையும் சேர்த்தால்கூட எட்டரை, ஒன்பதைத் தாண்டாது. தேவை 29. காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு முதல் பீரியடுக்கு ஓடுகிறவளுக்கு ஏழுதான். உடம்பு இளைக்க வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டையும் விடுகிறவளுக்கு மூன்று, மூன்றரை.

இந்தக் குறைந்த வரவிலும் பாதியை ஒரு டம்ளர் டீ எடுத்துக்கொண்டு போய்விடும். டீயிலும் காபியிலும் இருக்கும் பாலிஃபீனால்கள் குடலிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்ளும். 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு குடித்த டீ இரும்பு உறிஞ்சலை 64 சதவீதமும், காபி 39 சதவீதமும் குறைத்தன. இன்னொன்றையும் அதில் பார்த்தார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியும் அதே அளவு கெடுத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தது எதையும் கெடுக்கவில்லை. ‘சாப்பிட்ட உடனே வேண்டாம், கொஞ்ச நேரம் கழித்துக் குடிக்கிறேன்’ என்பது அதனால் போதாது. எட்டு மணிக்கு இட்லி என்றால் ஏழு மணிக்கு டீயை முடித்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி டீ பிரச்சினையில்லை. அதற்குள் வயிறு காலியாகியிருக்கும். ஆனால் அந்த டீயோடு சுண்டல் தருகிற மெஸ்களில், சுண்டலின் இரும்பு டீயோடு போய்விடும். சுண்டலைக் கிண்ணத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மணிக்குச் சாப்பிடலாம்.

மெஸ்ஸில் கிடைப்பவற்றிலேயே அந்தச் சுண்டலுக்குத்தான் அதிக மதிப்பெண். 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையில் மூன்றே கால் மி.கி.க்கு மேல் இருக்கிறது. கொள்ளு என்றால் நாலு மி.கி.யைத் தாண்டும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இரும்பைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் கொஞ்சம் குறையும். முளைகட்டினால் இன்னும் குறையும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் புளிப்பு நிற்கும், வைட்டமின் சி நிற்காது. அரை எலுமிச்சையில் பத்து மி.கி. வைட்டமின் சி தேறுவதே பெரிது. ஒரு பெரிய நெல்லிக்காயில் 75 மி.கி.யை ஒட்டி வரும், நூறு கிராம் கொய்யாவில் 200 மி.கி. விடுதி வாசலில் உப்பு, மிளகாய்த்தூள் தடவி விற்கும் கொய்யாத் துண்டை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தின்றால், அந்தச் சாப்பாட்டின் இரும்பு கூடுதலாக ஏறும்.

மெஸ் கமிட்டியில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மெனுவில் கீரையைச் சேர்க்கச் சொல்லி சண்டை போடுவதைவிட, அரிசியையும் உப்பையும் மாற்றச் சொல்வது பலமடங்கு பலன் தரும். செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 150 கிராம் அரிசி சாப்பிடுகிறவருக்கு நாலு முதல் ஆறு மி.கி. வரை கூடுதலாகக் கிடைக்கும், ருசியில் வித்தியாசம் தெரியாது. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ செறிவூட்டிய மணி கலப்பார்கள். அந்த மணிகள் கொஞ்சம் வேறு நிறத்தில், சில சமயம் தண்ணீரில் மிதந்துகொண்டு இருக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பயந்து சமையல்கார அக்கா பொறுக்கி எறிந்துவிட்டால் எல்லாம் வீண்; அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். உப்பிலும் அப்படி உண்டு. அயோடினோடு இரும்பும் சேர்த்த உப்பைத் தமிழ்நாடு உப்புக் கழகம் 2014-இலிருந்தே விற்கிறது. விதிப்படி ஒரு கிலோவில் 850 முதல் 1,100 மி.கி. இரும்பு. நாளைக்கு ஐந்து கிராம் உப்பு உள்ளே போனாலும் நாலேகால் மி.கி. சேரும். அரிசியும் உப்பும் மாறினால் எட்டரை என்பது பதினேழு ஆகும். கீரைக்காரரிடம் பேரம் பேசி இந்த எண்ணைத் தொட முடியாது.

அதற்காகக் கீரை வேண்டாம் என்று பொருளில்லை. பச்சை முருங்கைக் கீரையில் நூறு கிராமுக்கு நாலரை மி.கி.; மெஸ்ஸில் ஒரு கரண்டி வைத்தால் ஒன்றரை, இரண்டு. நல்லதுதான், ஆனால் அது மட்டும் பற்றாது.

இலவச மாத்திரை

சர்க்கரைப் பூச்சுப் போட்ட சின்ன மாத்திரை. ஒன்றில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். 10 முதல் 19 வயது வரை நீல நிறம், 20 வயதுக்கு மேல் பெண்களுக்குச் சிவப்பு. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. பள்ளியில் வாரம் ஒரு நாள் ஆசிரியர் கண்முன்னால் விழுங்கவைத்த மாத்திரைதான் இது. கல்லூரியில் அப்படி யாரும் நீட்டமாட்டார்கள். நாமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்க் கேட்டு வாங்க வேண்டும். பதினெட்டு வயதில் மாத்திரை நின்றுபோவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

பொருள் என்ற அளவில் இதற்கே முதலிடம். ஒரு மாத்திரையில் இருக்கும் இரும்பு, மேலே கணக்குப் போட்ட மெஸ் சாப்பாட்டின் ஒரு வார இரும்புக்குச் சமம். குறையும் இல்லாமல் இல்லை. ஈரப்பதம் பட்டால் சர்க்கரைப் பூச்சு பிசுபிசுக்கும், விரிசல் விடும், உள்ளே இருக்கும் இரும்பு காற்றுப் பட்டுத் துரு நிறத்துக்கு மாறும். அப்படி மாறிய இரும்பைக் குடல் சரியாக எடுக்காது. வாங்கியதும் ஒரு மாத்திரையைப் பிதுக்கி வெளிச்சத்தில் பாருங்கள்: பூச்சு முழுசாக, ஒரே நிறமாக இருக்க வேண்டும். பழுப்புப் புள்ளியோ வெடிப்போ இருந்தால் வேறு அட்டை கேளுங்கள். மொத்தமாகப் பிதுக்கி டப்பாவில் போட்டு வைக்கவே கூடாது.

வாரம் ஒன்று என்பது தடுப்பு அளவு. ஹீமோகுளோபின் 10-க்கு வந்துவிட்டவருக்கு அது போதவே போதாது. அவருக்கு மருத்துவர் தினமும் எழுதலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதலாம். ஒருநாள் விட்டு என்பதற்குக் காரணம் உண்டு. 60 மி.கி. இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சுரப்பைக் கூட்டும். அது குடலின் இரும்புக் கதவைச் சாத்திவிடும். ஏறக்குறைய ஒரு நாள் கதவு சாத்தியபடியே இருக்கும். மறுநாளும் போட்ட மாத்திரையில் குறைவாகத்தான் உள்ளே போகும், மீதி வயிற்றைக் கலக்கும். சுவிட்சர்லாந்தில் 2017-இல் வெளிவந்த ஆய்வில், இரும்பு குறைந்த இளம்பெண்களுக்கு தினமும் கொடுத்தபோது 16.3 சதவீதம் உறிஞ்சியது, ஒருநாள் விட்டுக் கொடுத்தபோது 21.8 சதவீதம். ஹீமோகுளோபின் ரொம்பக் குறைவாக இருந்து வேகமாக ஏற்ற வேண்டியிருந்தால் தினமும் போடச் சொல்வார்கள். எது உங்களுக்கு என்பதை ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

விழுங்கும் முறையில்தான் நிறைய மாத்திரை வீணாகிறது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாறு. ஒரு மணி நேரம் டீ, காபி, பால், ஹார்லிக்ஸ் வகையறா எதுவும் கூடாது. குமட்டுகிறது என்றால் நிறுத்தாதீர்கள். ராத்திரி படுக்கப்போகும் முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள், தூக்கத்தில் குமட்டல் தெரியாது. அதுவும் முடியாவிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு. உறிஞ்சல் குறையும், ஆனாலும் பாதியில் நின்றுபோவதைவிட மேல். மலம் கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம், உறிஞ்சாத இரும்பின் நிறம் அது. தார் போல ஒட்டிக்கொண்டு, துர்நாற்றத்தோடு போனால் மட்டும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மலச்சிக்கலுக்குக் கொய்யாவும் தண்ணீரும் கூடுதலாக.

மற்ற மாத்திரைகளோடு இது ஒத்துப்போகாது, இதை மெடிக்கல் ஷாப்பில் பெரும்பாலும் சொல்வதில்லை. முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் மாணவி இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரண்டுமே சரியாக வேலை செய்யாது; எத்தனை மணி நேரம் இடைவெளி என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பேண்டோபிரசோல் போட்டுக்கொண்டே இரும்பு ஏறவில்லை என்று வருந்துகிறவர்களும் உண்டு. இரும்பு கரைய வயிற்று அமிலம் வேண்டும். அந்த மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கிறது.

கடை மாத்திரையும் டானிக்கும்

பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கம் படியுங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் இரும்பு 65 மி.கி.தான். ஃபெரஸ் ஃபியூமரேட் 200-லும் அதே 65. குளுக்கோனேட் 300-ல் வெறும் 35. ‘எலிமெண்டல் அயர்ன்’ என்ற வரிதான் நாம் தேட வேண்டியது. ஃபெரஸ் ஆஸ்கார்பேட் அட்டைகளில் பொதுவாக 100 மி.கி. இரும்பும் ஒன்றரை மி.கி. ஃபோலிக் அமிலமும் இருக்கும். வயிற்றைக் கொஞ்சம் குறைவாகத் தொந்தரவு செய்யும் என்பார்கள். ஒரு சிலருக்கு அது உண்மைதான். சல்ஃபேட் நிஜமாகவே ஒத்துக்கொள்ளாதவர்கள் இதற்குக் காசு கொடுக்கலாம். ஒத்துக்கொள்கிறவர்களுக்கு இலவச மாத்திரை இருக்க இது தேவையில்லை.

மெதுவாகக் கரையும், குடலில் கரையும் என்று எழுதிய வகைகளை வாங்க வேண்டாம். இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்திலேயே. அந்த இடத்தைத் தாண்டிப் போய்க் கரைவதால் யாருக்கு லாபம்? ஜெல்லி மிட்டாய் போல வரும் மல்டிவைட்டமின்களில் பலவற்றில் இரும்பே கிடையாது, லேபிளைப் பார்த்தால் தெரியும். டானிக் வாங்கினால் ஸ்ட்ராவில் குடியுங்கள், பல்லில் கறை படியும்.

பேரீச்சை சிரப், பொடி, மிட்டாய்

இந்த அலமாரியில் நம்பிக்கைதான் அதிகம், மில்லிகிராம் குறைவு. பேரீச்சம்பழத்தில் ரகத்தைப் பொறுத்து நூறு கிராமுக்கு ஒன்று முதல் ஐந்து மி.கி. வரை இரும்பு உண்டு. நாலு பழம் தின்றால் அதிகபட்சம் ஒன்றரை. சிரப் என்பது அந்தப் பழத்தின் சர்க்கரையைக் காய்ச்சி எடுத்தது. லேபிளில் நூறு கிராமுக்கு எவ்வளவு இரும்பு என்று பார்த்து ஐந்தால் வகுத்தால், ஒரு மேசைக்கரண்டியில் கிடைப்பது தெரியும். அதைப் பாலில் கலக்கிக் குடிக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் மோசம். பாலின் கால்சியம் மிச்சத்தையும் தடுக்கும். ரொட்டிக்குத் தடவ நல்ல பொருள். ரத்தச்சோகைக்கு மருந்தாக இதை வாங்கி, சோதனை செய்யாமல் மூன்று மாதம் காத்திருப்பதுதான் ஆபத்து.

பீட்ரூட்டும் மாதுளையும் இதே வகை. நிறம் ரத்தம் போல இருக்கிறது, இரும்பு இல்லை: பீட்ரூட்டில் நூறு கிராமுக்கு முக்கால் மி.கி., மாதுளையில் அதிலும் பாதி. முருங்கை இலைப் பொடி ஒரு டீஸ்பூன் மூன்று கிராம்கூட வராது, இரும்பு ஒரு மி.கி.யைத் தொடாது.

கடலை மிட்டாய் ஒன்றில் ஒன்று, ஒன்றேகால் மி.கி. எள்ளுருண்டை ஒன்றில் இரண்டு, இரண்டரை. விலைக்கு இவை நியாயமான பண்டங்கள்; பிஸ்கட் பாக்கெட்டின் இடத்தில் தாராளமாக இவற்றை வைக்கலாம்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது, இன்றைய பிள்ளைகள் முகம் சுளிப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவரொட்டி. ஆட்டு மண்ணீரல். நூறு கிராமில் 40 மி.கி.யை ஒட்டி இரும்பு. தாவர இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும். கறிக்கடையில் காலையில் போனால் மலிவாகவே கிடைக்கும். மேல் தோலை நீக்கி, மிளகு, சின்ன வெங்காயம் போட்டு உள்ளே சிவப்பு தெரியாமல் வேகவைக்க வேண்டும். ‘ரத்தம் இல்லாத பிள்ளைக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடு’ என்ற பாட்டிமார்களின் கைவைத்தியம் எண்ணிக்கையிலும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மெஸ் சிக்கனில் நூறு கிராமுக்கு ஒரு மி.கி.தான்.

எதை வாங்கினாலும் முதலில் சோதனை

முழு ரத்தப் பரிசோதனையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும் போதும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ், ஆண்களுக்கு 13-க்குக் கீழ் என்றால் ரத்தச்சோகை. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் சேமிப்பு காலி. ஹீமோகுளோபின் 12.5 இருந்தும் படியேறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, பாடம் மண்டையில் ஏறவில்லை என்பவர்களுக்கு ஃபெரிட்டின்தான் பதில் சொல்லும். காய்ச்சல், தொற்று இருக்கும் நேரத்தில் எடுத்தால் அது பொய்யாக உயர்ந்து காட்டும். குணமான பிறகு எடுங்கள். முகாம்களில் விரலைக் குத்தி எடுக்கும்போது ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் தப்பாக வரும்.

பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பது, சாக்பீஸ், விபூதி, ஐஸ் கட்டி தின்னும் ஆசை: இவை இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். ‘அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும்’ என்று அதட்டி விடுவதற்குப் பதில் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

ரத்த அணு அளவு சிறியதாக இருந்து ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் கூறாக இருக்கலாம். அவர்களுக்கு இரும்பு மாத்திரை உதவாது. ஆண் பிள்ளைக்கு இரும்புக் குறைவு என்றால் சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டு நிற்காமல் குடலில் ரத்தக் கசிவு, கொக்கிப்புழு உண்டா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி ரத்ததானம் செய்கிறவர்களும் கவனிக்க வேண்டும்: 350 மி.லி. கொடுத்தால் 175 மி.கி. அளவுக்கு இரும்பு போகிறது. மெஸ் சாப்பாட்டிலிருந்து அதைத் திரும்பச் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும்.

சரியாக மாத்திரை போட்டால் நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு கிராம் ஏறும். ஏறவில்லை என்றால் டீ நேரத்தையும் விடுபட்ட நாட்களையும் முதலில் சரிபார்த்துவிட்டு, பிறகு மருத்துவரிடம் போங்கள். 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடக் கூடாது, சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அட்டையைப் பையோடு கீழே வைக்காமல் உயரமான இடத்தில் பூட்டி வையுங்கள். மிட்டாய் போல நிறமும் இனிப்பும் உள்ள இந்த மாத்திரையை வீட்டிலுள்ள சின்னக் குழந்தை சில எடுத்துத் தின்றால்கூட உயிருக்கு ஆபத்து. தின்றது தெரிந்தால் வாந்தி வருமா என்று காத்திராமல் காலி அட்டையோடு நேரே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.